மெஷினை எடுத்த பிறகு: வியட்நாமின் 91-ஆம் நோயாளியும் தசைகள் திரும்பிய விதமும்

2020 மார்ச் 18 அன்று ஹோ சி மின் நகரின் வெப்பமண்டல நோய் மருத்துவமனையில் ஒரு விமானி சேர்க்கப்பட்டார். ஸ்காட்லாந்துக்காரர். நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. வியட்நாம் ஏர்லைன்ஸில் வேலை. கொரோனா அந்த நாட்டில் உறுதியான 91-ஆவது ஆள் என்பதால் அரசு அறிவிப்புகளிலும் பத்திரிகைகளிலும் அவர் ‘நோயாளி 91’ ஆனார். பிற்பாடு அவரே பேட்டி கொடுத்தார், பெயரும் வெளியில் வந்தது. ஆனாலும் இந்த ஆய்வுக்கு எண்ணே போதும்.

அவருடைய கதை உலகச் செய்தியானதற்குக் காரணம் நுரையீரல். ஏப்ரல் 6 அன்று வெண்டிலேட்டரும் போதாமல் எக்மோவில் சேர்த்தார்கள். இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்பும் கருவி அது. அதில் ஏறக்குறைய எட்டு வாரம் இருந்தார். இரத்தம் உறைவதில் சிக்கல் வந்து ஜெர்மனியிலிருந்து மருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் நுரையீரலில் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்தது. மே மாத நடுவில் மருத்துவர் குழு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை பேசியது. முன்பின் தெரியாத வியட்நாமியர்கள் பலர் தங்கள் நுரையீரலைத் தருவதாக முன்வந்தார்கள், அதில் எழுபது வயதான ஒரு முன்னாள் போர்வீரரும் உண்டு. அப்போது அந்த நாட்டில் கொரோனாவால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்தக் கணக்கைக் காப்பாற்றும் பிடிவாதமும் இதில் கலந்திருந்தது.

மாற்று அறுவை தேவைப்படவில்லை. தொற்று நீங்கியது உறுதியானதும் மே 22 அன்று அதே நகரின் சோ ரே மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மாதக் கடைசியில் மயக்க மருந்தை நிறுத்தினார்கள், கண் விழித்தார். ஜூன் 3-இல் எக்மோ கழன்றது. ஜூன் 12-இல் வெண்டிலேட்டரும் கழன்றது. செய்தியாளர்களுக்குக் கதை இங்கே முடிந்துவிட்டது.

எனக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஜூன் கடைசியில் பிபிசியிடம் பேசியபோது அவர் 20 கிலோ இளைத்திருந்தார். படுத்தபடியே காலைச் சில அங்குலம் தூக்குவதே பெரிய வேலையாக இருந்தது. நுரையீரல் தேறி, சுயமாக மூச்சுவிட்டு, தெளிவாகப் பேசுகிற ஒரு மனிதர். சில மாதங்களுக்கு முன் விமானம் ஓட்டியவர். அவருடைய காலை எது கட்டிப்போட்டது? கொரோனா வைரஸ் என்று சொன்னால் பாதிப் பதில்கூட ஆகாது. நிமோனியா, குடல் ஓட்டையாகித் தொற்று உடலெங்கும் பரவும் செப்சிஸ், கடுமையான தீக்காயம், பெரிய விபத்து என எந்தக் காரணத்தால் நீண்ட நாள் வெண்டிலேட்டரில் இருந்தவருக்கும் இதே கதி நேரலாம். உயிர்போகும் நோய் தன் வேலையை முடித்துவிட்டுப் போகும்போது விட்டுச்செல்லும் இரண்டாவது நோய் இது. இதற்குத் தனி அளவுகோல் உண்டு, தனி கவனிப்பு உண்டு, தனி கால அட்டவணை உண்டு. நம் ஊர் ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, ‘மெஷினை எப்ப டாக்டர் எடுப்பீங்க?’ நியாயமான கேள்விதான். ஆனால் எடுத்த பிறகு என்ன என்பதை யாரும் கேட்பதில்லை, பெரும்பாலும் யாரும் சொல்வதுமில்லை.

தசைக்குள் நடந்தது

முதலில் கை கால் தசை. படுக்கையில் கிடந்தால் யாருக்கும் தசை கரையும். ஆனால் ஐசியுவில் கரைவது அந்த வேகத்தில் இல்லை. 2013-இல் இங்கிலாந்தில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து அளந்தார்கள். பத்தாம் நாளில் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கியிருந்தது. ஒரே ஓர் உறுப்பு பழுதானவர்களைவிடப் பல உறுப்புகள் ஒருசேரப் பழுதானவர்களுக்கு இழப்பு அதிகம். உடல் முழுக்க அழற்சி கொதிக்கும்போது தசைப் புரதம் உடைவது வேகமாகிறது, புதிதாகக் கட்டுவது தடைப்படுகிறது. பத்து நாளில் இவ்வளவு என்றால், இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்த நம் விமானியின் 20 கிலோவில் வியப்பில்லை. அதில் கொழுப்பும் நீரும் உண்டு. ஆனால் அவர் காலைத் தூக்க முடியாமல் போனது தசையின் கணக்கு.

அடுத்தது மூச்சுத் தசை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் பிறந்த நாள் முதல் ஓயாமல் உழைக்கும் தசை. வெண்டிலேட்டர் முழுதாகப் பொறுப்பேற்கும்போது அதற்கு முதல்முறையாக ஓய்வு கிடைக்கிறது, அந்த ஓய்வே அதற்குக் கேடு. 2008-இல் அமெரிக்காவில், மூளைச்சாவு அடைந்து உறுப்புதானம் செய்தவர்களின் உதரவிதானத்தை எடுத்துப் பார்த்தார்கள். 18 முதல் 69 மணி நேரம் வரை வெண்டிலேட்டரில் இருந்தவர்கள் அவர்கள். அறுவை சிகிச்சைக்காக இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் வெண்டிலேட்டரில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், தசைநார்கள் பாதிக்கும் மேல் மெலிந்திருந்தன. அதே ஆட்களின் மார்புத் தசையில் அப்படி ஒரு மாற்றம் இல்லை. அதாவது மூன்று நாளுக்குள், வேலையில்லாமல் போன அந்த ஒரு தசை மட்டும் பாதியாகியிருக்கிறது. இந்த ஆய்வை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இன்றும் மற்றவர்களுக்குச் சொல்ல முதலில் எடுப்பது இதைத்தான்.

மூன்றாவதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தசை சுருங்காமலே பலம் போகலாம். தசையின் மேலுறையில் மின்தூண்டலைக் கடத்தும் சோடியம் வாசல்கள் செயலற்றுப் போகின்றன. நரம்பு கட்டளை அனுப்புகிறது, தசை பதில் தருவதில்லை. தசைக்குள் இழுவையை உண்டாக்கும் மயோசின் புரதம் தனியாகக் குறைந்துபோவதும் உண்டு. ஆகையால்தான் சிலர் ஆள் அவ்வளவாக இளைக்காமலே கை அசைக்க முடியாமல் கிடப்பார்கள். உறவினர்கள் ‘முயற்சியே பண்ண மாட்டேங்கிறார்’ என்று நொந்துகொள்வார்கள். முயற்சி அங்கே இருக்கிறது. தசைக்கு அது எட்டவில்லை.

நான்காவது நரம்பு. நரம்பிழையே நுனியிலிருந்து பட்டுப்போகிறது. நீளமான நரம்புகளுக்கு அடி அதிகம், அதனால் பாதமும் விரல்களும் முதலில் போகும், கடைசியில் திரும்பும்.

இவை தனித்தனியாகவும் வரும், ஒன்றாகவும் வரும். நீண்ட நாள் கிடந்தவரிடம் பெரும்பாலும் கலந்தே இருக்கும். தசை மட்டும் பழுதானவர் வேகமாகத் தேறுவார், நரம்பும் பழுதானவருக்கு மாதங்கள் ஆகும். குடும்பத்துக்கு எந்தக் கால அளவைச் சொல்வது என்பதே இதைப் பொறுத்தது என்பதால், எது அதிகம் என்று பார்ப்பது வெறும் படிப்பறிவுக்கான வேலை இல்லை.

இதை முதலில் கவனித்தவர்கள்

1977-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. கடுமையான ஆஸ்துமாவுக்காக வெண்டிலேட்டரில் வைத்து, அதிக அளவு ஸ்டீராய்டும் தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் கொடுக்கப்பட்ட ஓர் இளம் பெண்ணுக்கு ஆஸ்துமா சரியான பிறகு கை கால் தசைகள் கடுமையாகப் பழுதாகியிருந்தன. 1984-இல் கனடாவின் லண்டன் நகரில் நரம்பியல் மருத்துவர் சார்லஸ் போல்ட்டனும் உடன் பணியாற்றியவர்களும் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். செப்சிஸும் பல உறுப்புச் செயலிழப்பும் தணிந்துவந்த நேரத்தில் ஐவரையும் வெண்டிலேட்டரிலிருந்து விடுவிக்க முடியவில்லை. கை கால்கள் துவண்டு கிடந்தன, சுத்தியலால் தட்டினால் அனிச்சை அசைவு வரவில்லை. மின் பரிசோதனையில் நரம்பிழைகள் பட்டுப்போயிருப்பது தெரிந்தது.

அந்தக் கட்டுரையில் என்னைத் தொடுவது அதன் கடைசிப் பகுதி. நரம்பு மீளக்கூடியது, ஆகவே இப்படிப்பட்டவர்களுக்குத் தீவிர சிகிச்சையைத் தொடர்வதற்கு இது ஊக்கம் தருகிறது என்று எழுதியிருந்தார்கள். கை கால் விளங்காத ஒருவரைப் பார்த்து ‘மூளை போய்விட்டது, இனி பயனில்லை’ என்று முடிவுகட்டும் ஆபத்து அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நம் விமானி பிபிசியிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதே விஷயம்தான். உலகின் வேறு எந்த மூலையில் இருந்திருந்தாலும் முப்பது நாளில் கருவியை நிறுத்தியிருப்பார்கள், தான் செத்திருப்பேன் என்றார்.

படுக்கையருகில் அளப்பது

பெரிய கருவி எதுவும் வேண்டாம். முதலில் நோயாளி சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடித் திறங்கள், என்னைப் பாருங்கள், நாக்கை நீட்டுங்கள், தலையை ஆட்டுங்கள், நான் ஐந்து எண்ணியதும் புருவத்தை உயர்த்துங்கள். இந்த ஐந்தில் மூன்றையாவது செய்தால் மேலே போகலாம். எல்லாமே முகத்திலும் கழுத்திலும் செய்பவை என்பதைக் கவனியுங்கள். இந்த நோயில் முகத் தசை பெரும்பாலும் தப்பிவிடும். கையைக் கிள்ளினால் முகம் சுளிக்கும், கை நகராது. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

பிறகு பன்னிரண்டு இடங்கள். தோளைப் பக்கவாட்டில் உயர்த்துவது, முழங்கையை மடக்குவது, மணிக்கட்டை மேலே தூக்குவது, தொடையைத் தூக்குவது, முழங்காலை நீட்டுவது, பாதத்தை மேலே மடக்குவது. இந்த ஆறையும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். அசைவே இல்லை என்றால் 0. தசை துடிப்பது மட்டும் தெரிந்தால் 1. படுக்கையோடு படுக்கையாக நகர்ந்தால் 2. புவியீர்ப்பை வென்று தூக்கினால் 3. நாம் தரும் எதிர்ப்பை ஓரளவு சமாளித்தால் 4. இயல்பான பலம் 5. மொத்தம் 60. கூட்டி 48-க்குக் கீழே வந்தால் ஐசியுவால் வந்த தசை பலவீனம் என்று எடுத்துக்கொள்கிறோம், 36-க்குக் கீழே என்றால் கடுமையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நரம்புக் காயம் பட்ட வீரர்களைச் சோதிக்க பிரிட்டனில் உருவாக்கிய அளவுமுறை இது. பத்து நிமிடத்தில் முடியும். பிரான்சில் ஏழு நாளும் அதற்கு மேலும் வெண்டிலேட்டரில் இருந்து கண் விழித்த 95 பேரை இப்படிச் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். நான்கில் ஒருவருக்கு இந்தப் பலவீனம் இருந்தது.

நம் விமானி படுத்தபடி காலைச் சில அங்குலம் தூக்கினார் என்பதை இந்தக் கணக்கில் வைத்தால், அந்த ஓர் அசைவுக்கு 3-ஐ ஒட்டித்தான் வரும். கண் விழித்து ஒரு மாதம் கழிந்த பிறகு உள்ள நிலை அது.

எண்ணைப் போடுவதோடு வேலை முடியாது. இது வேறு எதுவோ இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகப் பலம் குறைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பக்கவாதத்தைத் தேட வேண்டும். நெஞ்சளவிலிருந்து கீழே உணர்ச்சியே இல்லை என்றால் முதுகுத் தண்டைப் பார்க்க வேண்டும். குப்புறப் படுக்கவைத்து வெண்டிலேட்டர் கொடுத்தவருக்கு ஒரு கை மட்டும் விளங்கவில்லை என்றால் தோளருகே நரம்புப் பின்னல் நசுங்கியிருக்கலாம். கொரோனா நாட்களில் இது நிறையவே வந்தது. பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் குறைந்தாலும் தசை துவளும், அது ஒரு நாளில் சரிசெய்யக்கூடிய விஷயம். உடலின் நோயெதிர்ப்பே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் என்றால் பலவீனம் பெரும்பாலும் ஐசியுவுக்கு வருவதற்கு முன்பே தொடங்கியிருக்கும், முகத்தையும் விடாது, நரம்பில் மின்னோட்டத்தின் வேகமே பெரும்பாலும் குறைந்திருக்கும். ஐசியு பலவீனத்தில் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அலையின் உயரம் மட்டும் சரிந்திருக்கும்.

நம் பக்கத்து ஐசியுக்களில் இன்னொன்றையும் மறக்க முடியாது. பூச்சிமருந்து குடித்தவர்கள். ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சின் முதல் கட்டம் தணிந்து, ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கும் வேளையில், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் போகும், தோளும் இடுப்பும் தளரும், மூச்சு அடங்கும். இலங்கையின் நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987-இல் பத்து நோயாளிகளை வைத்து இதைத் தனி நிலையாக உலகுக்குக் காட்டினார்கள். அங்கே பலவீனத்தால் வெண்டிலேட்டர் வருகிறது, இங்கே வெண்டிலேட்டர் நாட்களின் முடிவில் பலவீனம் வெளிப்படுகிறது. ஆனால் பூச்சிமருந்து நோயாளி வாரக்கணக்கில் கிடந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். யாருக்கு எது எவ்வளவு என்று பிரித்தறிய, முதல் நாளிலிருந்து கழுத்து, தோள் பலத்தை எழுதி வைத்திருந்தால்தான் முடியும்.

எக்மோவிலிருந்து வாக்கர் வரை

எக்மோ கழன்றதற்கும் வெண்டிலேட்டர் கழன்றதற்கும் நடுவே ஒன்பது நாட்கள். நுரையீரல் வாயுவை மாற்றத் தயாரான பின்னும், அதை விரித்துச் சுருக்கும் தசை தயாராக வேண்டியிருந்த நாட்கள் என்றே நான் அதைப் படிக்கிறேன். பொதுவாக இந்தக் கட்டத்தில் கருவியின் உதவியைக் குறைத்து அரை மணி நேரம் தானே மூச்சுவிட வைத்துப் பார்ப்பார்கள். மூச்சு குறுகலாகவும் வேகமாகவும் ஆனால், தோளும் கழுத்தும் இழுத்தால், திரும்ப உதவி கொடுத்து மறுநாள் பார்ப்பார்கள். இதோடு இருமல் பலத்தையும் பார்க்க வேண்டும். மூச்சு இழுக்கத் தெரிந்து சளியை இருமித் தள்ளத் தெரியாதவர் மூச்சு டியூபை எடுத்த இரண்டு நாளில் திரும்ப டியூபுக்கு வந்துவிடுவார். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும். ஆசையாக ஒரு வாய் காபி கொடுத்து, அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆன நோயாளிகள் எந்த ஊரிலும் உண்டு. விழுங்கும் சோதனை முடியும்வரை வாயில் எதையும் கொடுக்காதீர்கள் என்றால் அது கல்மனசால் சொல்வது இல்லை.

சோ ரேவில் அவருக்குத் தினமும் பயிற்சி நடந்தது. வெளிவந்த படங்களில் அந்த வரிசை தெரிகிறது. முதலில் படுக்கையில் சாய்ந்து கையசைப்பவர், பிறகு உட்கார்ந்திருப்பவர், பிறகு மருத்துவ ஊழியர்கள் பக்கத்தில் இருக்கச் சட்டத்தைப் பிடித்து நிற்பவர். கையில் பலம் முன்னால் வந்தது, கால் பின்னால் வந்தது. ஏன் என்பதற்கு நரம்பு ஒரு பதில் தருகிறது. பட்டுப்போன நரம்பிழை ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம்தான் திரும்ப வளரும். இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரு மீட்டர் நீளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதம் தொங்கிப்போனவருக்கு ‘ஒரு மாதத்தில் சரியாகிவிடும்’ என்று சொல்வது பொய் நம்பிக்கை, ‘இனி வராது’ என்று சொல்வது பொய் அவநம்பிக்கை. அதற்குள் பாதம் மடங்கி இறுகிவிடாமல் பலகையோ காலணியோ வைத்துக் காப்பதுதான் இடைக்கால வேலை. குடும்பத்தினர் கை காலை மெதுவாக மடக்கி நீட்டுவது மூட்டு இறுகாமல் தடுக்கும். அதனால் தசை வளராது. தசை வளர நோயாளியே அசைக்க வேண்டும்.

அவர் அசைக்க வேண்டும் என்றால் விழித்திருக்க வேண்டும். தடுப்பைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியதில் முதலாவது இது. மயக்க மருந்தைத் தினமும் ஒருமுறை நிறுத்தி ஆளை எழுப்பிப் பார்ப்பது என்ற எளிய பழக்கம், சிகாகோவில் 128 பேரிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில் வெண்டிலேட்டர் காலத்தின் இடைநிலையை 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைத்தது. 2009-இல் சிகாகோவிலும் அயோவாவிலும் 104 பேரிடம், அந்த விழிப்பு நேரத்திலேயே பிசியோதெரபியைத் தொடங்கிப் பார்த்தார்கள். டியூப் போட்டு ஒன்றரை நாளில் பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் வீடு திரும்பும்போது தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். வழக்கமான கவனிப்பில் அது 35 சதவீதம். வாயில் டியூபோடு கட்டிலோரம் உட்காரவைப்பதைப் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் செய்யலாம்.

அப்படியானால் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா? இல்லை. 2022-இல் ஆஸ்திரேலியர்கள் தலைமையில் 750 பேரிடம் நடந்த ஆய்வு இந்த ஆசைக்கு அணை போட்டது. தினமும் சராசரி 21 நிமிடம் பயிற்சி பெற்றவர்களுக்கும் 9 நிமிடம் பெற்றவர்களுக்கும் ஆறு மாத முடிவில் வித்தியாசமில்லை. அதிகப் பயிற்சிக் குழுவில் இரத்த அழுத்தம் சரிவது, இதயத் துடிப்பு தப்புவது போன்ற தொல்லைகள் இரண்டு மடங்குக்கு மேல். இதைக் காட்டி ‘பிசியோ வேண்டாம்’ என்று சொல்பவர்களும் உண்டு. அந்த ஒப்பீட்டுக் குழுவுக்கும் தினமும் பயிற்சி கிடைத்தது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ஒன்றுமே செய்யாமல் ஆழ்ந்த மயக்கத்தில் போட்டுவைப்பதற்கு இந்த ஆய்வில் எந்த ஆதரவும் இல்லை. சீக்கிரம் தொடங்கி, அளவாகச் செய்து, உடல் தாங்குவதைப் பார்த்துக் கூட்டுவது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

நம் விமானியின் நிலையில் எக்மோ குழாய்களும் கெட்டியான நுரையீரலும் இருந்ததால் ஆழ்ந்த மயக்கம் பல வாரம் தவிர்க்க முடியாததாக இருந்திருக்கும். உயிரா தசையா என்றால் உயிர்தான் முதலில். ஸ்டீராய்டிலும் இதே பேரம் உண்டு. அவருடைய வெண்டிலேட்டர் கழன்ற நான்கே நாளில், ஜூன் 16 அன்று, வெண்டிலேட்டரில் உள்ள கொரோனா நோயாளிகளின் மரணத்தை டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு குறைக்கிறது என்ற பிரிட்டன் ஆய்வின் முடிவு வந்தது. ஸ்டீராய்டு தசைக்கு ஆகாது என்பது 1977 முதல் இருக்கும் சந்தேகம், ஆனாலும் பத்து நாள் வரையிலான அளவான மருந்து உயிர்களைக் காத்தது. பேரத்தின் விலை தெரிந்தே கொடுக்கிறோம் என்றால், பின்னால் தசையைக் கவனிக்கும் கடமையும் நம்முடையதாகிறது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் அதிகம் கேட்பது இதைத்தான். ‘இளைச்சுட்டார், நிறைய புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா?’ நோயின் உச்சத்தில் உடல் புரதத்தைக் கட்டுமானத்துக்கு எடுத்துக்கொள்ளும் நிலையில் இருப்பதில்லை. வெண்டிலேட்டரில் உள்ள 1,300 பேரிடம் வழக்கமான அளவையும் அதைப்போல் இரண்டு மடங்கையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வந்தது. அதிகம் கொடுத்ததால் சீக்கிரம் தேறவில்லை, சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கேடும் தெரிந்தது. தேறத் தொடங்கி, கால் அசையத் தொடங்கிய பிறகு கதை வேறு. அப்போது முட்டையும் பருப்பும் மீனும் பயிற்சியோடு சேர்ந்து வேலை செய்யும். சர்க்கரையிலும் இதே பாடம்தான். பெல்ஜியத்தின் லூவனில் இரத்தச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தபோது நரம்புப் பாதிப்பு குறைந்தது. ஆனால் 6,000 பேருக்கு மேல் சேர்ந்த பெரிய ஆய்வு 2009-இல் வந்தபோது, அப்படி இறுக்கியவர்களில் மரணம் கூடியிருந்தது. அதனால் இன்று இரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 140 முதல் 180 மில்லிகிராம் வரை வைத்துக்கொள்கிறோம்.

வீட்டுக்குப் பிறகு

ஜூலை 11 அன்று அவர் சோ ரேவிலிருந்து கிளம்பினார், சக்கர நாற்காலியில். வியட்நாம் ஏர்லைன்ஸின் போயிங் 787-இல் மருத்துவத் துணையோடு லண்டன் வந்து, அங்கிருந்து ஸ்காட்லாந்தில் இன்னொரு மருத்துவமனைக்குப் போனார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. குணமானவர் என்று அறிவித்த பிறகும் அவரை நேராக வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சி தொடர ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். திரும்பவும் விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. விமானத்தின் வால்பகுதித் திசைச் சுக்கானையும் தரையில் பிரேக்கையும் காலால்தான் மிதிக்க வேண்டும். அவருடைய தொழிலுக்கு நுரையீரல் தேறினால் மட்டும் போதாது.

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சிறந்த சாட்சி டொரன்டோவிலிருந்து வருகிறது. நுரையீரல் கடுமையாகச் செயலிழந்து பிழைத்த 109 பேரை மார்கரெட் ஹெரிட்ஜ் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். வயதின் இடைநிலை 45, நம் விமானிக்கு நெருக்கம். ஐசியுவிலிருந்து வெளிவரும்போது தங்கள் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். ஆறு மாதத்தில் நுரையீரல் அளவுகள் ஏறக்குறைய இயல்புக்கு வந்துவிட்டன. ஆனால் ஓராண்டிலும், ஆறு நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரம் அவர்கள் வயதுக்குரியதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஏன் நடக்க முடியவில்லை என்று கேட்டால் தசை பலவீனமும் களைப்பும் என்றார்கள். வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப்பேர். ஐந்தாண்டு கழித்தும் அந்தத் தூரம் 76 சதவீதத்தில்தான் நின்றது, ஆனால் வேலைக்குத் திரும்பியவர்கள் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தார்கள். நுரையீரல் முந்திக்கொண்டது, தசை பின்தங்கியது. 2003-இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நம்முடைய டிஸ்சார்ஜ் தாள்களில் நெஞ்சு எக்ஸ்ரே விவரம் இருக்கிறது, தசை மதிப்பெண் இருப்பதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

மனமும் இதோடு சேர்ந்தே வருகிறது. களைப்பையும் மனச்சோர்வையும் பற்றி அவரே பேசினார். தூக்கம் கெடுவது, ஐசியு நாட்களைப் பற்றிய பொய்யான திகில் நினைவுகள், கவனம் நிற்காமல் போவது எல்லாம் பிழைத்தவர்களிடம் சகஜம். பயிற்சிக்கு வராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

சரி, நம் வீட்டில் ஒருவர் இப்படித் திரும்பினால்? டிஸ்சார்ஜ் அன்று கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. அன்றைய தசை மதிப்பெண் 60-க்கு எத்தனை. உதவியில்லாமல் எழுந்து உட்காருகிறாரா, நிற்கிறாரா, எத்தனை அடி நடக்கிறார். எதை விழுங்கலாம், எதை விழுங்கக்கூடாது. பாதம் தொங்குகிறதா. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவாரா, நாம் போக வேண்டுமா, வாரத்துக்கு எத்தனை முறை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்யலாம், எந்த அளவு மூச்சிரைத்தால் நிறுத்த வேண்டும். ஒரு மாதம் கழித்து அதே பன்னிரண்டு இடங்களையும் திரும்பச் சோதிக்கச் சொல்லுங்கள். எண் ஏறியிருந்தால் அப்படியே தொடரலாம். ஏறாமல் நின்றிருந்தால், பாதத்தில் மரத்துப்போன உணர்வும் இருந்தால், நரம்பு மின் பரிசோதனைக்கு நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது. எண் இறங்கினால் அது ஐசியு பலவீனத்தின் இயல்பு இல்லை, வேறு நோயைத் தேடி உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.